பிள்ளை வளர்த்த ஆண்டுகளையும் கணக்கில் எடுங்கள்: கனடாத் தமிழ்த் தாய்மாரின் கோரிக்கைச் சாசனம்

கனடா மத்திய அரசுக்கும், ஒன்ராறியோ மாகாண அரசுக்கும், ரொறன்ரோ மாநகரசபைக்கும், யோர்க், பீல், டர்ஹம் பிராந்திய சபைகளுக்கும், தொழில் உரிமம் வழங்கும் அமைப்புகளுக்கும், எங்களை வேலைக்கு எடுப்போருக்கும், எங்கள் சொந்தத் தமிழ்ச் சமூகத்துக்கும், சிறு பிள்ளைகளின் தாய்மாராகிய நாங்கள் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை.

யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பிலிருந்து வந்தவர்கள் எங்களில் உண்டு. சென்னை, மதுரை, கோவையிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஊரில் நாங்கள் ஆசிரியைகளாக, தாதியராக, கணக்காளராக, ஆய்வுகூட ஊழியராக, பொறியியலாளராக இருந்தோம். இங்கே வந்தபின் களஞ்சியத்தில் பெட்டி கட்டினோம், இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தோம், கோப்பிக் கடைக் கவுண்டரில் நின்றோம். அந்த வேலைகளை நாங்கள் கேவலமாக நினைக்கவில்லை. எங்களுக்கு முன் 80களிலும் 90களிலும் வந்த பெண்கள் அந்த வேலைகளைச் செய்துதான் இங்கே தமிழ்க் குடும்பங்களை நிமிர்த்தினார்கள். ஆனால் வந்த புதிதில் கிடைத்த வேலையே ஆயுள் முழுவதற்கும் என்று ஆகிவிடக் கூடாது. இங்கேயே படித்து நல்ல வேலையில் இருந்து, பிள்ளை பிறந்தபின் அந்த வேலையின் நேரம் ஒத்துவராமல் வேறு தொழில் தேடுவோரும் எங்களோடு இருக்கிறார்கள்.

தொழில் மாற இரண்டு வருடப் படிப்பு, கட்டணம், பயிற்சி, பரீட்சை எல்லாம் வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். உழைக்க நாங்கள் பின்நிற்கவில்லை. ஆனால் இதற்கென நாட்டில் உள்ள வசதிகளில் பெரும்பாலானவை, பிள்ளை இல்லாத ஒருவரையோ, பிள்ளையைப் பார்க்க வீட்டில் இன்னொருவர் இருக்கும் ஒருவரையோ மனதில் வைத்தே அமைக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் முறைப்பாடு அதுதான்.

நாங்கள் கேட்கும் நியாயம் கனடாவின் சட்டத்திலேயே இருக்கிறது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையை வளர்ப்பதற்காக ஒருவர் வேலைக்குப் போகாமல் இருந்தால், அல்லது குறைவாகச் சம்பாதித்தால், அந்தக் காலத்தை விலக்கிவிட்டு அவருடைய ஓய்வூதியத்தைக் கணக்கிடக் கனடா ஓய்வூதியத் திட்டத்தில் இடம் உண்டு. பிள்ளை வளர்த்ததற்காக ஒரு தாய் நட்டப்படக் கூடாது என்பதே அதன் பொருள். அறுபது வயதுக்குமேல் கிடைக்கும் அந்த நியாயம் முப்பத்தைந்து வயதில், அது மிகவும் தேவைப்படும் நேரத்தில், ஏன் கிடைக்கவில்லை? இந்தச் சாசனத்தின் ஒவ்வொரு கோரிக்கையும் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

1. பிள்ளை வளர்த்த காலத்தை வெற்றிடமாக எழுதாதீர்கள்

மத்திய அரசு கொடுக்கும் கனடா பயிற்சி வரவை எடுத்துக்கொள்வோம். 26 முதல் 65 வயது வரையுள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 250 டாலர் வீதம், வாழ்நாளில் 5,000 டாலர் வரை சேரும். தகுதியான படிப்புக் கட்டணத்தில் பாதிவரை அதிலிருந்து ஈடுசெய்யலாம். தொழில் மாற நினைப்பவருக்கு மிகப் பொருத்தமான திட்டம். ஆனால் அந்த 250 டாலர் சேர வேண்டுமானால் அந்த ஆண்டில் பத்தாயிரம் டாலருக்கு மேற்பட்ட உழைப்பு வருமானம் இருக்க வேண்டும். மகப்பேற்று, பெற்றோர் விடுப்புக் கொடுப்பனவுகள் வருமானமாகக் கணக்கில் சேரும் என்பது உண்மை. ஆனால் அந்த விடுப்பு முடிந்தபின் இரண்டாவது, மூன்றாவது வருடமும் பிள்ளையோடு வீட்டில் இருந்த தாய்க்கு ஒரு சதமும் சேராது. கனடாவுக்கு வந்த புதிதிலேயே பிள்ளை பெற்று, விடுப்புக் கொடுப்பனவுக்குத் தேவையான வேலை மணித்தியாலங்களே இல்லாதவருக்கு அந்தச் சலுகையும் இல்லை. பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ அவருடைய கணக்கில்தான் ஒன்றும் இல்லாமல் இருக்கிறது.

ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள அதே விதியை இங்கும் கொண்டுவாருங்கள். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையை வளர்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும், வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பயிற்சி வரவு சேர வேண்டும்.

உரிமம் வழங்கும் அமைப்புகளிடம் நாங்கள் கேட்பதும் இதே கொள்கையில்தான். பல தொழில்களில் விண்ணப்பதாரர் அண்மைக் காலத்தில் அந்தத் தொழிலைச் செய்ததற்குச் சான்று கேட்கப்படுகிறது. நோயாளியின் பாதுகாப்புக்காகவும் பொதுமக்களின் பாதுகாப்புக்காகவும் இந்த விதி இருப்பதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் ஊரில் பத்து வருடம் வார்டில் நின்ற தாதி, இங்கே வந்து அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகளைப் பெற்று, மூத்தது பாலர் வகுப்புக்குப் போகும் வயதில் விண்ணப்பித்தால், "அண்மைய அனுபவம் இல்லை" என்ற வரியோடு கோப்பு மூடப்படக் கூடாது. அறிவு பழசாகிவிட்டது என்று ஐயம் இருந்தால் சோதியுங்கள். குறுகிய புத்தாக்கப் பயிற்சி கொடுங்கள். அதைப் பகுதிநேரமாகக் கொடுங்கள். முதலாம் ஆண்டிலிருந்து மறுபடி படி என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மாற்றம் முடியாத காரியமல்ல. ஒன்ராறியோ தொழில்முறைப் பொறியியலாளர் அமைப்பு 2023 மே மாதத்தில் கனடிய அனுபவம் வேண்டும் என்ற விதியைக் கைவிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பொது வேலை விளம்பரங்களில் கனடிய அனுபவம் கேட்பதை மாகாணச் சட்டம் தடுக்கிறது. பல ஆண்டுகளாகக் குடிவரவாளர்கள் இடித்த கதவு அது. அதற்குப் பின்னால் எங்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது. "இந்த நான்கு வருடமும் என்ன செய்தீர்கள்?" என்று நேர்முகத்தில் கேட்கிறார்கள். பிள்ளை வளர்த்தேன் என்று சொன்னதும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. பராமரிப்புக்காக வேலையை விட்டிருந்த காலத்தைக் காரணம் காட்டி ஒருவரைத் தள்ளிவைப்பதையும் அதே சட்டத்தில் வெளிப்படையாகத் தடைசெய்யுங்கள்.

2. படிக்கப் போகும் தாய்க்கு டேகேர் இடம் முதலில் உறுதியாக வேண்டும்

எங்கள் கோரிக்கைகளில் தலையாயது இதுதான். இது கிடைக்காவிட்டால் மற்றவை எல்லாம் காகிதத்தில்தான் இருக்கும்.

2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மத்திய அரசு நாளொன்றுக்குச் சராசரி 10 டாலரில் பிள்ளைப் பராமரிப்பு என்று வாக்களித்தது. ஒன்ராறியோ 2022 மார்ச்சில், மாகாணங்களில் கடைசியாக, அதில் ஒப்பமிட்டது. 2025 ஜனவரி முதல் திட்டத்தில் சேர்ந்த நிலையங்களில் நாளொன்றுக்கு 22 டாலருக்கு மேல் வாங்க முடியாது. முன்பு மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு டாலர் கட்டிய குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். அதை மனதாரச் சொல்கிறோம். ஆனால் கட்டணம் குறைந்ததும் கேட்போர் தொகை கூடியது. இடமும் ஊழியரும் அந்த அளவுக்குக் கூடவில்லை. காத்திருப்போர் பட்டியலில் பிள்ளையின் பெயரைக் கர்ப்பமாக இருக்கும்போதே எழுதுகிறோம். பிள்ளை நடக்கத் தொடங்கி, பேசத் தொடங்கிய பின்னும் நிலையத்திலிருந்து அழைப்பு வருவதில்லை.

கல்லூரியில் செப்டெம்பர் வகுப்புக்கு அனுமதிக் கடிதம் வந்துவிடுகிறது. முற்பணம் கட்டக் கடைசித் தேதியும் அதிலேயே இருக்கிறது. டேகேரைக் கேட்டால், "இடம் வந்தால் கூப்பிடுகிறோம்" என்கிறார்கள். ஒரு கையில் அந்தக் கடிதத்தையும் மறு கையில் பிள்ளையையும் வைத்துக்கொண்டு ஆகஸ்ட் மாதம் முழுக்கத் தொலைபேசியைப் பார்த்தபடி இருந்து, கடைசியில் "அடுத்த வருடம் பார்ப்போம்" என்று அனுமதியைக் கைவிட்ட பெண்கள் எங்களில் பலர். அடுத்த வருடமும் அதே கதைதான்.

கல்லூரியோ அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையமோ அனுமதி கொடுத்த தாயின் பிள்ளைக்கு, வகுப்பு தொடங்கும் நாளுக்குள் டேகேர் இடம் ஒதுக்க வேண்டும். கட்டண மானியம் கேட்டிருந்தால் அதற்கான முடிவும் அந்த நாளுக்குள் வர வேண்டும். இரண்டையும் வெவ்வேறு வரிசைகளில் நிறுத்தாதீர்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட் ஏழு மணிக்குத் தொடங்கும். டேகேர் திறப்பது ஏழுக்கு, பல இடங்களில் ஏழரைக்கு. மாலை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். அதற்குமேல் ஒவ்வொரு நிமிடத்துக்கும் தனியாகக் காசு கேட்கும் நிலையங்கள் உண்டு. ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. 2023 ஜூலை 24 அன்று ஸ்காபரோ ஆர்.டி. ரயில் தடம்புரண்டது. அந்தப் பாதை பிறகு திறக்கவே இல்லை. புதிய சுரங்க ரயில் வரும்வரை பஸ்தான். பனி கொட்டும் மாலையில், ஐந்தே முக்காலுக்கு, கென்னடி நிலையத்தில் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கும் தாய் நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். டேகேரில் அவளுடைய பிள்ளை மட்டும் குளிர்ச்சட்டை போட்டபடி வாசலில் ஆசிரியையோடு நிற்கும். அந்த ஆசிரியைக்கும் வீடு இருக்கிறது, அவரைக் குறை சொல்ல முடியாது. காலை ஆறு முதல் இரவு எட்டு வரை திறந்திருக்கும் நிலையங்கள் ஒவ்வொரு பகுதியிலும் இருக்க வேண்டும். அவற்றில் கூடுதல் ஷிப்டில் நிற்பவர்களுக்குக் கூடுதல் சம்பளமும் கொடுக்க வேண்டும்.

பிள்ளைக்கு ஆறு வயதானதும் கட்டணக் குறைப்பும் நின்றுவிடுகிறது. பள்ளிக்கூடம் மூன்றரை மணியளவில் விடும். பெரும்பாலான கல்லூரி வகுப்புகளும் முழுநேர வேலைகளும் அந்த நேரத்தோடு முடிவதில்லை. பள்ளிக்கு முன்னும் பின்னுமான பராமரிப்புக்கும் 12 வயது வரை குறைந்த கட்டணம் வேண்டும்.

தமிழ் அக்காமார் வீடுகளில் நடத்தும் டேகேர்களை நாங்கள் நம்பியிருக்கிறோம். பிள்ளைக்குச் சோறும் பருப்பும் கிடைக்கும், தமிழும் கிடைக்கும். ஆனால் உரிமம் பெற்ற முகவர் அமைப்போடு சேராத வீடுகளில் கட்டணக் குறைப்பு கிடையாது. அந்த அக்காமார் உரிமத் திட்டத்துக்குள் வர உதவுங்கள். விண்ணப்பத்தைத் தமிழில் விளக்க ஒரு அலுவலரை நியமித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

3. குடியுரிமை எடுத்ததற்காக மொழி வகுப்பை மூடாதீர்கள்

மத்திய அரசின் லிங்க் ஆங்கில வகுப்பு இலவசம். சில இடங்களில் வகுப்பு நடக்கும் நேரத்தில் பிள்ளையையும் பார்த்துக்கொள்கிறார்கள். தாய்மாருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் அது நிரந்தர வதிவுரிமை உள்ளவர்களுக்கும் பாதுகாப்புப் பெற்ற அகதிகளுக்கும்தான். குடியுரிமை எடுத்தவருக்கு இடமில்லை.

எங்கள் வாழ்க்கை எந்த ஒழுங்கில் போகிறது என்று பாருங்கள். வந்த முதல் வருடங்களில் வேலையும் பிள்ளைப்பேறும். வகுப்புக்குப் போக நேரமில்லை. குடும்பத்தோடு குடியுரிமை எடுக்கிறோம், சத்தியம் செய்கிறோம், மகிழ்ச்சியாகப் படம் எடுக்கிறோம். கடைசிப் பிள்ளை பள்ளிக்குப் போனபின், இனி ஆங்கிலத்தைத் திருத்திக்கொண்டு கல்லூரிக்குப் போகலாம் என்று நினைக்கும் நாளில் கதவு மூடியிருக்கிறது. மாகாணத்தின் பொது ஆங்கில வகுப்புகளில் சேரலாம் என்பது சரி. ஆனால் எல்லா வகுப்பிலும் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. சிறு பிள்ளை வளர்த்த தாய்மாருக்கு, குடியுரிமை பெற்றபின் ஐந்து ஆண்டுகளாவது லிங்க் வகுப்பைத் திறந்துவையுங்கள்.

4. சான்றிதழ் தேடி எங்கள் உறவினரை அலையவிடாதீர்கள்

வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிட, பெறுபேற்று விபரத்தைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்கிறார்கள். மோசடியைத் தடுக்க அது வேண்டியதுதான். அதைச் செய்யும் வழிதான் பிழை. நாங்கள் இங்கிருந்து மின்னஞ்சல் எழுதுகிறோம், பதில் வராது. பிறகு தம்பியையோ தங்கையின் கணவரையோ வேலைக்கு அரைநாள் விடுப்புப் போடவைத்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்துக்கோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்துக்கோ அனுப்புகிறோம். பணம் கட்டிய ரசீது ஒரு கவுண்டரில், விண்ணப்பம் இன்னொரு கவுண்டரில், கையெழுத்துப் போட வேண்டியவர் அன்று வரவில்லை. திருமணத்துக்கு முன் தந்தை பெயர், பின் கணவர் பெயர் என்று பெயர் மாறியிருந்தால், இரண்டும் ஒருவரே என்று நிறுவ இன்னொரு சத்தியக் கடதாசி. ஆண்களுக்கு இந்தச் சிக்கல் வருவதே இல்லை. போரில் பதிவேடுகள் அழிந்த பாடசாலைகளில் படித்தவர்களின் நிலை இன்னும் கடினம்.

பெயர் மாற்றத்துக்குத் திருமணப் பதிவுச் சான்றிதழ் ஒன்றையே போதிய ஆதாரமாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஆவணம் இல்லாதவருக்குத் திறனைச் சோதிக்கும் பரீட்சை வையுங்கள். ஒருமுறை செய்த மதிப்பீட்டை எல்லாக் கல்லூரிகளும் எல்லா உரிம அமைப்புகளும் ஏற்க வேண்டும். இலங்கை, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் பட்டதாரிகள் உலகெங்கும் இருக்கிறார்கள். வெளிநாட்டு விண்ணப்பங்களுக்குத் தனி இணைய வழியும் பதில் சொல்லும் ஓர் ஆளும் வையுங்கள்.

5. பயிற்சியில் செய்யும் வேலைக்குச் சம்பளம் கொடுங்கள்

எங்களில் பலர் தேர்ந்தெடுக்கும் புதிய தொழில்கள் இரண்டு. ஒன்று முதியோரையும் நோயாளரையும் பராமரிக்கும் பி.எஸ்.டபிள்யூ. வேலை. மற்றது பாலர் கல்வி ஆசிரியை வேலை. இரண்டிலும் நாட்டில் ஆள் பற்றாக்குறை. இரண்டிலும் படிப்பின் பகுதியாகப் பல வாரங்கள் நேரடிப் பயிற்சி உண்டு, அதற்குப் பெரும்பாலும் சம்பளம் இல்லை. அந்த வாரங்களில் இருக்கிற வேலையையும் விட்டு, சொந்தப் பிள்ளைக்கு டேகேர் கட்டணமும் கட்டி, அடுத்தவர் பிள்ளையை இலவசமாகப் பார்க்கிறோம். 2025 அக்டோபரிலிருந்து ஒன்ராறியோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டாலர். பயிற்சிக் காலத்துக்கு அதையாவது கொடுங்கள். பகுதிநேரமாகவும் மாலையிலும் இந்தப் படிப்புகளை நடத்துங்கள்.

6. வேலை கொடுப்போருக்கு

ரொறன்ரோ விமான நிலையத்தில் எல்லைப் பாதுகாப்பு அலுவலராக இருந்த பியோனா ஜோன்ஸ்டன் என்ற தாய், மாறிமாறி வரும் ஷிப்டில் பிள்ளைகளுக்குப் பராமரிப்பு ஏற்பாடு செய்ய முடியவில்லை, நிலையான நேரத்தில் முழுநேர வேலை தாருங்கள் என்று கேட்டு வழக்காடினார். பல ஆண்டுகள் இழுத்த வழக்கு. 2014இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பிள்ளை பராமரிப்புக் கடமையும் குடும்பநிலை என்ற மனித உரிமைப் பாதுகாப்புக்குள் வரும் என்று நீதிமன்றம் சொன்னது. ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்திலும் குடும்பநிலை இருக்கிறது.

ஆனால் தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் வேலை செய்யும் பெண்ணுக்கு இந்த உரிமை பெயருக்குத்தான். கேள்வி கேட்டால் நாளைக்கு அழைப்பு வராது, அவ்வளவுதான். 2024 ஜூலை முதல் ஏஜென்சிகளுக்கு உரிமம் கட்டாயம். ஷிப்ட் நேரத்தை இரண்டு வாரம் முன்கூட்டி எழுத்தில் கொடுப்பதை அந்த உரிமத்தின் நிபந்தனையாக்குங்கள். வகுப்புக்குப் போகும் ஊழியரின் வகுப்பு நாட்களில் ஷிப்ட் மாற்றக் கூடாது என்பதையும் சேருங்கள்.

7. அம்மம்மாவை வரவிடுங்கள்

நாங்கள் படிக்கும் நேரத்தில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆசைப்படும் தாய் தந்தையரைக் கனடாவுக்கு நிரந்தரமாக அழைக்கும் வழி, 2020இல் பெயர் கொடுத்தவர்களோடு நின்றுபோனது. பிறகு வந்த அழைப்புகள் அந்தப் பழைய பட்டியலிலிருந்தே வந்தன. சூப்பர் விசா இருக்கிறது, ஒரே தடவையில் ஐந்து ஆண்டுவரை தங்கலாம். ஆனால் ஒருவருக்கு ஒரு லட்சம் டாலர் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். வயது ஏற ஏற அதன் தவணை எங்கள் கைக்கு எட்டாது. புதிய பட்டியலைத் திறவுங்கள். காப்புறுதியை அரசே குறைந்த செலவில் ஏற்பாடு செய்யுங்கள்.

8. எங்கள் சொந்த வீடுகளுக்கும் சமூகத்துக்கும்

அரசிடம் கேட்பதை மட்டும் எழுதி நிறுத்திவிட்டால் அது முழு உண்மையாகாது. எங்கள் வீடுகளிலும் கேட்க வேண்டியது இருக்கிறது.

கணவன்மாரே, நீங்கள் இரண்டு வேலை செய்து களைத்து வருவது எங்களுக்குத் தெரியும். வீட்டுக் கடனும் காரின் தவணையும் உங்கள் முதுகில் இருப்பதும் தெரியும். நாங்கள் படிக்கும் இரண்டு வருடமும் அந்தச் சுமையைக் குறைப்பதற்காகத்தான். செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்பு என்றால், அந்த இரண்டு மாலையும் பிள்ளைகளின் சாப்பாடும் குளிப்பாட்டலும் வீட்டுப்பாடமும் உங்கள் பொறுப்பு. அதை "உதவி" என்று சொல்லாதீர்கள். அவை உங்கள் பிள்ளைகள்.

மாமியாரே, அம்மாமாரே, "இந்த வயதில் இனி என்ன படிப்பு" என்ற பேச்சை விடுங்கள். முப்பத்தெட்டு வயதில் தொழில் மாறும் பெண்ணுக்கு அதற்குப் பிறகும் இருபத்தைந்து வருட உழைப்பு இருக்கிறது.

ஊர்ச் சங்கங்களும் கோயில்களும் பழைய மாணவர் சங்கங்களும் விருந்துக்கும் கலைவிழாவுக்கும் மண்டபம் எடுக்கின்றன. நாங்களும் சேலை கட்டிக்கொண்டு வருகிறோம், சந்தோஷப்படுகிறோம். அந்தச் செலவில் ஒரு பங்கைத் தாய்மாரின் கல்லூரி முற்பணத்துக்கு வட்டியில்லாக் கடனாக ஒதுக்குங்கள். பரீட்சைக்கு முந்திய வார இறுதிகளில், கோயில் மண்டபத்தின் ஒரு அறையைப் படிக்கவும் பக்கத்து அறையைப் பிள்ளைகள் விளையாடவும் திறந்துவையுங்கள். இதற்கு எந்த அரசின் அனுமதியும் தேவையில்லை. நாளைக்கே தொடங்கலாம்.

இந்தத் தொழில்களில் ஏற்கெனவே கால் ஊன்றிய சகோதரிகளிடமும் கேட்கிறோம். எந்தப் பரீட்சைக்கு எந்தப் புத்தகம், எந்த விண்ணப்பத்தில் எந்தக் கட்டம் தடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பின்னால் வரும் ஒருத்திக்காவது அதைக் கையோடு சொல்லிக்கொடுங்கள்.

2026 அக்டோபர் 26 அன்று ஒன்ராறியோ எங்கும் உள்ளூராட்சித் தேர்தல். டேகேர் இடங்களையும் கட்டண மானியத்தையும் எங்கள் பகுதிகளில் நிர்வகிப்பது மாநகர, பிராந்திய சபைகள்தான். வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் இந்தச் சாசனத்தைக் கொடுத்து, இரண்டாவது கோரிக்கைக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் தராதவருக்கு வாக்களிக்காதீர்கள்.